கோழிக்குஞ்சும் நான்கு வாரமும் - ஒரு சின்ன வரலாறு

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலை என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது குன்றுப் பாறையில் வெட்டியிருக்கும் 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டுதான். அதற்கு அடுத்தபடியாக சிகாநாதர் கோயில் மண்டபத்துச் சிற்பங்கள். விவசாயம் படிக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, அரசு நடத்தும் அண்ணா பண்ணை. மற்றொன்று, 2014ல் தொடங்கிய வேளாண் கல்லூரி. இந்தக் கட்டுரை இவை நான்கைப் பற்றியதும் அல்ல. அந்தக் குன்றைச் சுற்றியுள்ள வானம் பார்த்த பூமியில், வீட்டுக் கொல்லையில் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும் கோழியைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், கோழிக்குஞ்சின் முதல் ஒரு மாதத்தைப் பற்றியது.

ஒரு மாதத்துக்கு அப்படி என்ன பெரிய வரலாறு என்று கேட்கலாம். ஒரு அரசுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தமிழகக் கால்நடைப் பராமரிப்புத் துறை 2020களின் தொடக்கத்தில் கிராமத்துப் பெண்களுக்கு 50 சதவீத மானியத்தில் நாட்டினக் கோழிக்குஞ்சுகள் கொடுத்தது. ஒரு ஊராட்சி ஒன்றியத்துக்கு 100 பேர், ஒருவருக்கு 40 குஞ்சுகள். கணவரை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. அந்த அறிவிப்பில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு சொல் உண்டு: "நான்கு வார வயதுடைய". ஏன் நான்கு வாரம்? பொரித்த அன்றே கொடுத்தால் விலை பாதிக்கும் கீழே. அதே பணத்தில் இரண்டு மடங்கு குஞ்சு கொடுக்கலாமே! அப்படிக் கொடுத்தும் பார்த்தார்கள். என்ன ஆயிற்று என்பதில்தான் இந்த வரலாறு இருக்கிறது.

முதலில் தாய்க்கோழியிடமிருந்து தொடங்குவோம். குறுந்தொகையின் 139ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்புலவர் பாடியது. அதில் ஒரு மாலை நேரக் காட்சி வருகிறது. வேலியோரம் காட்டுப்பூனை வந்துவிட்டது. குஞ்சுகள் எங்கே நுழைவது என்று தெரியாமல் கும்பலாக நின்று தவிக்கின்றன. வீட்டுக்கோழி அவற்றைக் கூவி அழைக்கிறது. பாட்டு சொல்ல வந்தது வேறு விஷயம், இது உவமைதான். ஆனால் கோழி வளர்த்தவர்களுக்கு இது உவமையாகத் தெரியாது. இன்றைக்கும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நடப்பதைத்தான் அந்த அம்மா எழுதியிருக்கிறார். குஞ்சுக்குப் பகலில் தீனி பொறுக்கத் தெரியும். இருட்டும்போது எங்கே போக வேண்டும் என்பது தெரியாது. அதைச் சொல்லிக் கொடுப்பது தாய். (சேவலுக்குக் கல்லே நட்டிருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையில் செத்த சேவலுக்கு எழுத்துப் பொறித்த நடுகல் உண்டு. பெட்டைக்குக் கிடைத்தது ஒரு பாட்டின் உவமை. எது பெரிசு என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.)

நம் ஊர் முறை எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். கோழி முட்டையிடுவதை நிறுத்தி, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் அது அடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கூடையில் மணலோ வைக்கோலோ போட்டுப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும் என்று கூடவே ஒரு இரும்புத் துண்டு, கரி, காய்ந்த மிளகாய். 21ஆம் நாள் குஞ்சு. சில நாள் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, குருணை போட்டுப் பிறகு திறந்து விடுவார்கள். கலயத்தில் சாணியும் ஈர வைக்கோலும் போட்டு மண்ணில் கவிழ்த்து வைத்துக் கரையான் எடுப்பதும் உண்டு. குஞ்சுகளுக்கு அதைவிடச் சத்தான தீனி கிடையாது.

இந்தக் குஞ்சுக்குக் கூண்டு மாற்றம் என்று ஒன்று வருவதே இல்லை. பிறந்த வாரமே அது வெளியில்தான் இருக்கிறது. அதன் சூடு கூடவே நடந்து வருகிறது. கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். குளிர் எடுத்தால் இறக்கைக்குள் போய்விடும். சூடேறியதும் வெளியே ஓடி வரும். பருந்து வட்டமிட்டால் ஒரு குரல், தீனி கிடைத்தால் வேறொரு குரல். இரண்டு மாதம் ஆகிவிட்டால் தாயே ஒருநாள் கொத்தி விரட்டும். அதற்குள் இறகு வளர்ந்து, ஊர் தெரிந்து, எதிரி தெரிந்து, கூடடையத் தெரிந்துவிடும். அத்தனையும் தெரிந்த பிறகுதான் அந்தக் கொத்து விழுகிறது.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. கோழி அடைகாக்கும் மூன்று வாரமும் குஞ்சு வளர்க்கும் இரண்டு மாதமும் முட்டையிடாது. ஆண்டில் பாதி இப்படியே போய்விடும். வீட்டுக்கு நாலு முட்டை போதும் என்றால் இதில் நஷ்டமில்லை. சந்தைக்கு முட்டை வேண்டும் என்றால் இது பெரிய தொல்லை. தாயின் வேலையைப் பிரித்து வேறு ஏதாவது ஒன்றிடம் கொடுத்துவிட முடியுமா என்று மனிதன் வெகுகாலத்துக்கு முன்பே யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

அந்த யோசனையில் முன்னோடிகள் எகிப்தியர்கள். மண் சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை அடுக்கி, இளஞ்சூட்டில் பொரிக்க வைத்தார்கள். எகிப்தில் எருக்குவியலில் முட்டை பொரிப்பதைப் பற்றி அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். சூளைக்காரர்களிடம் வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பொரித்த குஞ்சுகள் சூளையிலேயே வளர்வதில்லை. உடனே வீடுகளுக்குப் போய்விடும். அந்த ஊர் வெயிலே பாதித் தாய்!

18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் ரெயோமூர் இந்த வித்தையைத் தன் நாட்டுக்குக் கொண்டுவர முயன்றார். வெப்பமானியில் தன் பெயரால் ஒரு அளவுமுறையே வைத்திருந்தவர் அவர். 1749ல் இதைப் பற்றி விரிவான நூல் வெளியிட்டார். பிரான்ஸ் குளிர் நாடு என்பதால் பொரிக்க வைத்தால் மட்டும் போதாது, பொரித்த குஞ்சையும் காப்பாற்ற வேண்டும். அதற்காக அவர் செய்த பெட்டிக்குச் "செயற்கைத் தாய்" என்றே பெயர் வைத்தார். சாய்ந்த கூரையின் உட்பக்கம் ஆட்டுக்குட்டித் தோலை ரோமத்தோடு ஒட்டியிருந்தார். குஞ்சுகள் அதன் அடியில் புகுந்து முதுகை உரசிக்கொண்டு படுக்கும். இன்று நாம் புரூடர் என்று சொல்வதன் பாட்டி இந்தப் பெட்டிதான். இறக்கையின் சூட்டை மட்டுமல்ல, இறக்கையின் தொடுகையையும் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் இது தொழிலாக மாறியது. கலிபோர்னியாவின் பெட்டலூமா ஊரில் 1879ல் நம்பகமான பொரிப்பான் வந்தது. குஞ்சு முட்டையை விட்டு வெளியே வருமுன் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால் இரண்டு மூன்று நாள் தீனி, தண்ணீர் இல்லாமல் தாங்கும். இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு ஒருநாள் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் ரயிலேற்றினார்கள். 1918ல் அமெரிக்கத் தபால்துறையே குஞ்சுகளை ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தது. குஞ்சு ஓரிடம், தாய் வேறிடம் என்பது அன்றோடு உறுதியாகிவிட்டது.

ஆனால் ஒரு தடை இருந்தது. புரூடருக்குள்ளேயே வைத்து வளர்த்த குஞ்சுகள் சில வாரத்தில் கால் வலுவில்லாமல் விழுந்தன. வெளியே விட்ட குஞ்சுகளுக்கு அப்படி இல்லை. தரையில் ஏதோ இருக்கிறது, புல்லில் ஏதோ இருக்கிறது என்று விவசாயிகள் நம்பினார்கள். அதனால் எவ்வளவு குளிராக இருந்தாலும் சீக்கிரம் வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. 1920களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஸ்டீன்பாக், ஹால்பின் ஆகியோர் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். அது வைட்டமின் டி குறைபாடு. காட் மீன் எண்ணெய் கொடுத்தாலோ வெயில் பட்டாலோ சரியாகிவிடும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் போதாது, நேர் வெயில் வேண்டும்.

இந்தக் கண்டுபிடிப்பின் விளைவு வேடிக்கையானது. வெயிலின் அருமை தெரிந்ததும் குஞ்சுகளை வெளியே விடவில்லை. வெயிலைப் புட்டியில் அடைத்துத் தீனியில் கலந்துவிட்டார்கள். இனி வெளியே விட வேண்டிய அவசியமே இல்லை என்றாகிவிட்டது. டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி 1923ல் 50 குஞ்சு கேட்டு, தவறுதலாக 500 வந்து, அவற்றை இறைச்சிக்கு வளர்த்து விற்ற கதை பிரபலம். கறிக்கோழித் தொழிலே அங்கிருந்து தொடங்கியது என்பார்கள். கறிக்கோழிக்குக் கொல்லை கிடையாது. சூட்டு விளக்கிலிருந்து நேராகத் தராசுக்குத்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1920களில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், வெள்ளை லெகார்ன் கோழியையும் கூட்டுறவு முட்டை விற்பனையையும் கிராமங்களில் பரப்பினார். 1956-61ன் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அரசு பெரிய அளவில் இறங்கியது. மண்டலக் கோழிப்பண்ணைகளும் விரிவாக்க மையங்களும் வந்தன. 1960களில் யுனிசெப் உதவியோடு ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. பண்ணையில் பொரித்த குஞ்சு கிராமத்துக்குப் போனது.

அந்த வெள்ளை லெகார்ன் நிறைய முட்டையிடும். காரணம், அது அடைக்கே வராது. அடைக்கு வராத பரம்பரையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அது. மேலே சொன்ன அந்தத் "தொல்லை"யை அறுத்து எறிந்துவிட்டார்கள். கொல்லையில் ஒரு லெகார்ன் பெட்டை இருந்தால் முட்டை கிடைக்கும், அடுத்த தலைமுறை கிடைக்காது. அதற்கு மறுபடியும் பண்ணை வாசலில் போய் நிற்க வேண்டும். நாட்டுப்பெட்டையின் அடியில் லெகார்ன் முட்டையை வைத்துப் பொரிக்க வைத்து இதைச் சமாளித்தவர்கள் உண்டு. சீமைக்கோழிக்கும் கடைசியில் நம் சிறுவிடைக்கோழிதான் தாய்! ஆனால் ஒருநாள் குஞ்சாக வாங்கிவந்தவர்களில் பலரிடம் அந்த நேரத்துக்கு அடைக்கோழி இருந்திருக்காது.

ஒருநாள் குஞ்சு கிராமத்தில் ஏன் நிற்கவில்லை என்பதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அதற்கு முதல் வாரம் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். பண்ணையில் தகரத்தாலோ அட்டையாலோ வட்டம் கட்டி, உமி பரப்பி, மேலே காகிதம் விரித்து, நடுவில் குண்டு பல்பு தொங்கவிடுவார்கள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், விலகி ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம், பரவலாக இருந்தால் சரி. படிக்காதவர்களும் படித்துவிடக்கூடிய வெப்பமானி அது. ஆனால் ஓட்டை விழுந்த ஓலைக்கூரை வீட்டில், மின்சாரமே வராத காலத்தில் பல்புக்கு எங்கே போவது? கரி அடுப்பும் அரிக்கேன் விளக்கும்தான். மின்சாரம் வந்த பிறகு மின்வெட்டு வந்தது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகக் கிராமங்களில் பாதி நாள் கரண்ட் இல்லாததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பல்பு அணைந்த ஒரு மார்கழி ராத்திரி போதும். குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விடியும்போது அடியில் இருந்தவை நசுங்கிக் கிடக்கும்.

புதுக்கோட்டைப் பக்கத்துப் பகல் வெயில் அப்படி இல்லை. சித்திரையில் நண்பகல் 95 டிகிரியைத் தாண்டிவிடும், அப்போது பல்பே வேண்டாம். வெளிநாட்டுப் புத்தகத்துக் கணக்கை அப்படியே பின்பற்றிக் குஞ்சுகளை வேகவைத்தவர்களும் இருந்திருப்பார்கள். சிக்கல் எல்லாம் இரவிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும்தான்.

அடுத்தது நோய். 1927ல் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத் ஊரில் கண்டறியப்பட்டதால் அந்த ஊர்ப் பெயரையே பெற்றுக்கொண்ட ராணிக்கேத் நோய், நம் வழக்கில் வெள்ளைக் கழிச்சல். ஒரு தெருவில் நுழைந்தால் அந்தத் தெருவின் கோழிகளைத் துடைத்துவிட்டுத்தான் போகும். இதற்கு முதல் தடுப்பு மருந்தை முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விட வேண்டும். எட்டாவது வார வாக்கில் ஊசி. பாட்டில் ஒன்றில் நூறு கோழிக்கான மருந்து இருக்கும், குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருக்கும் வீட்டுக்காரம்மா என்ன செய்வார்? பண்ணையில் ஆயிரம் குஞ்சுக்கு ஒரே காலையில் போட்டுவிடலாம்.

இப்போது அந்த "நான்கு வாரம்" புரியும். 11ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007-12) மத்திய அரசு புறக்கடைக் கோழி வளர்ப்புக்கு ஒரு புது ஏற்பாடு செய்தது. பொரிப்பகத்துக்கும் பயனாளியின் வீட்டுக்கும் இடையில் ஒரு இடத்தை வைத்தார்கள். ஒரு தொகுதிக்கு 1,500 ஒருநாள் குஞ்சுகளை வாங்கி, நான்கு வாரம் சூடு கொடுத்து, தடுப்பு மருந்து போட்டு வளர்த்துக் கொடுக்கும் இடம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு 45 குஞ்சுகள், அதுவும் ஒரே தடவையில் இல்லாமல் தவணையாக. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் "தாய் அலகு". ரெயோமூர் தன் பெட்டிக்கு வைத்த அதே பெயர், 250 ஆண்டு கழித்து ஒரு அரசாங்கக் கோப்பில்! தமிழகத் திட்டத்தின் நான்கு வாரமும் இதே கணக்குதான். நான்கு வாரத்தில் பூஞ்சை ரோமம் போய் முதுகிலும் இறக்கையிலும் இறகு வந்துவிடுகிறது. நம் வெப்பத்தில் பல்பு இல்லாமல் தாங்கும். கொல்லை வளர்ப்புக்கென்றே வனராஜாவை உருவாக்கிய ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் ஆறு வாரம் வரை வைத்திருக்கச் சொல்கிறது. அந்த இரண்டு வாரத் தீனிச் செலவை யார் ஏற்பது என்பதுதான் நான்குக்கும் ஆறுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாய் அலகு கொடுப்பது சூடும் மருந்தும். மாசாத்தியார் பாட்டில் வரும் அந்த அழைப்பை அது கொடுப்பதில்லை. நான்கு வாரம் வெளிச்சத்திலேயே வளர்ந்த குஞ்சு பருந்தைப் பார்த்ததில்லை. கீரி என்றால் என்னவென்று தெரியாது. இருட்டு என்பதே புதுசு. அதை வேனில் ஏற்றி ஒன்றிய அலுவலக வாசலில் பெட்டியோடு கொடுக்கும் அந்த நாளிலிருந்து முதல் பத்து நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மானியம் போக மீதிப் பணத்தைக் கைக்காசாகக் கட்டிய ஒரு பெண்ணுக்கு 40ல் 30 நிற்பதும் 8 நிற்பதும் ஒன்றல்ல.

அனுபவப்பட்டவர்கள் செய்வது எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். குஞ்சுகளைக் காலையில் கொண்டுவந்து இறக்குவார்கள், சாயங்காலத்தில் அல்ல. முதலில் வெல்லத் தண்ணீர், பிறகுதான் தீனி. வந்த அன்றே திறந்து விடுவதில்லை. ஒரு வாரம் புதுக்கூட்டுக்குள்ளேயே அடைத்து, அதுதான் வீடு என்று மனதில் பதியவிடுவார்கள். முதல் சில இரவு சின்ன வெளிச்சம் ஒன்று வைத்தால் மூலையில் போய்க் குவிய மாட்டா. பிறகு சாயங்காலத் தீனிக்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் திறப்பார்கள். பசி இருக்கும், இருட்டும் நெருங்கும், தீனித் தகரத்தைத் தட்டினால் தானாகக் கூட்டுக்குள் ஓடிவரும். நாளுக்கு நாள் திறக்கும் நேரத்தை முன்னால் நகர்த்துவார்கள். தகரச் சத்தம்தான் இங்கே தாயின் குரல். வீட்டில் ஏற்கனவே பெரிய கோழிகள் இருந்தால் மூன்று நான்கு வாரம் தனியாகத்தான். கொத்துப்படும் என்பது ஒரு காரணம், பெரிய கோழியின் எச்சத்திலிருந்து ரத்தக் கழிச்சல் ஒட்டிக்கொள்ளும் என்பது பெரிய காரணம். கூட்டின் அடிப்பலகை தரையிலிருந்து உயர்ந்திருக்க வேண்டும், கம்பிவலைக் கண் பெருச்சாளி நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும்.

எந்த இனம் என்பதும் முக்கியம். வனராஜா, கிராமப்பிரியா போன்றவை வேகமாக வளரும், முட்டையும் அதிகம். ஆனால் அடைக்கு உட்காருவது அபூர்வம். அப்படியானால் 40 குஞ்சு ஒரு தலைமுறையோடு முடிந்தது. அசில் ரத்தம் கலந்த நாட்டினப் பெட்டை முட்டை குறைவாகத்தான் இடும். ஆனால் ஏழெட்டு மாதத்தில் ஒருநாள் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். முட்டைக் கணக்கு எழுதுகிறவருக்கு அது நஷ்டம். குஞ்சு வாங்கிய பெண் பரணிலிருந்து பஞ்சாரத்தை இறக்கித் தூசு தட்டுவார்.